பக்கத்துக் கடையின் முகாமையாளர்: ஒரு றக்பி கழகம் பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்த கதை

நல்ல ஓட்டத்தில் இருக்கும் கடையைக் கண்டால் அதன் முகாமையாளரை எப்படியாவது நம் பக்கம் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் வியாபாரிகள் பலருக்கு வருவதுண்டு. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து, வாகனமும் கொடுத்து ஆளைக் கொண்டு வந்தும் விடுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பழைய கடை முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். நமது கடைதான் இறங்கியிருக்கும். எங்கே பிழைத்தது என்று தேடினால் விடை கிடைப்பதில்லை. ஏனெனில் யாரை, என்ன யோசித்து, எதைப் பார்த்து எடுத்தோம் என்பதை நாம் எங்கும் எழுதி வைப்பதில்லை.

விளையாட்டுக் கழகங்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய ஐந்தொகை வாராவாரம் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. ஆகவே ஆள் எடுக்கும் விடயத்தில் என்னென்ன பிழைக்கலாம் என்பதை அறிய விரும்பும் வியாபாரிக்கு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள புரொங்கோஸ் என்ற கழகத்தின் கதை மிகவும் பயனுள்ளது. விளையாட்டில் விருப்பம் இல்லாதவர்களும் பொறுமையோடு வாசிக்கலாம். உண்மையில் இது ஒரு கம்பனியின் கதைதான்.

றக்பி லீக் என்பது என்ன?

நம் நாட்டில் கண்டியும் ஹெவ்லொக்கும் ஆடுவது ஓர் அணிக்கு 15 பேர் கொண்ட றக்பி யூனியன். இங்கு பேசப்படுவது அதிலிருந்து பிரிந்த, 13 பேர் ஆடும் றக்பி லீக். பிரிந்த காரணமே கொடுக்கல் வாங்கல்தான். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடு செய்ய அனுமதிக்க வேண்டும் என்று அவர்களுடைய கழகங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் மாதம் ஹடர்ஸ்பீல்ட் நகரிலுள்ள ஒரு ஹோட்டலில் கூடிய கழகங்கள் தனியே பிரிந்து சென்றன. அன்று தொடங்கி இது பணம் கொடுத்து ஆடும் ஆட்டமாகவே வளர்ந்தது. அவுஸ்திரேலியாவில் 1908 முதல் ஆடப்படுகிறது. இன்று உலகிலேயே பெரிய றக்பி லீக் போட்டி அங்குதான் நடைபெறுகிறது.

அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. வீரர்களின் சம்பளத்துக்கு ஒரு கழகம் வருடத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்ச வரம்பு. பணக்காரக் கழகமும் ஏழைக் கழகமும் ஒரே அளவு பணத்துக்குத்தான் வீரர்களை வாங்க முடியும். இதை மீறி இரகசியக் கணக்கு வைத்திருந்த மெல்பர்ன் ஸ்டோர்ம் கழகத்திடமிருந்து 2007, 2009 ஆகிய இரண்டு வருடங்களின் சம்பியன் பட்டங்கள் 2010-இல் பறிக்கப்பட்டன. இரட்டைக் கணக்கு எழுதுவோர் அங்கும் இருக்கின்றனர் போலும்.

ஆனால் தலைமைப் பயிற்றுவிப்பாளரின் சம்பளம் வீரர்களுக்கான அந்த வரம்புக்குள் சேராது. சரக்கு எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே அளவு என்றாகிவிட்டால் மிஞ்சுவது அந்தச் சரக்கை அடுக்கி விற்கும் மனிதர்தான். எந்த வீரரை எடுப்பது, எவரை விடுவது, எவரைக் களத்தில் இறக்குவது, வாரம் முழுவதும் எப்படிப் பழக்குவது என்பவற்றில் இறுதிச் சொல் பெரும்பாலும் அவருடையது. எனவேதான் அங்கு ஒரு பணிப்பாளர் சபை எடுக்கும் தீர்மானங்களிலே பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்வதே பாரதூரமானது எனலாம்.

பங்குச் சந்தையில் இருந்த கழகம்

புரொங்கோஸ் 1988-இல் போட்டிக்குள் வந்த கழகம். சிட்னிக் கழகங்களோடு ஒப்பிட்டால் இளைய கழகம். ஆனால் ஆதரவாளர் தொகையில் பெரியது. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. இக்கதை நடைபெற்ற காலத்தில் அதன் பங்குகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் நியூஸ் கோர்ப் குழுமத்தின் கையில் இருந்தது. அனுசரணையாளருக்குக் குறைவில்லை. 52,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய மைதானம் வேறு.

முதல் நாளிலிருந்து பயிற்றுவிப்பாளர் வெயின் பெனட். 1988 முதல் 2008 வரை 21 பருவகாலங்கள் ஒரே ஆள். 1992, 1993, 1997, 1998, 2000, 2006 என ஆறு பட்டங்கள். அவர் 2008 முடிவில் விலகிச் சென்ற பின் கழகம் இரண்டு பேரை வைத்துப் பார்த்தது, பட்டம் கிடைக்கவில்லை. 2015-இல் அவரையே திரும்ப அழைத்தது. அந்த வருடமே இறுதிப் போட்டிக்கு வந்து, கடைசி நொடியில் சமநிலையாகி, மேலதிக நேரத்தில் 17-16 என ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. மேலதிக நேரம் தொடங்கியதும் உதைத்து அனுப்பப்பட்ட பந்தை பென் ஹன்ட் என்ற வீரர் கைநழுவ விட்டார். அங்கிருந்துதான் எதிரணியின் வெற்றிப் புள்ளி வந்தது. இந்த ஹன்டின் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018-இல் அணி ஆறாம் இடம் பிடித்து, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் 48-18 என்று தோற்று வெளியேறியது. பெனட்டுக்கு அப்போது வயது 68. ஒப்பந்தம் 2019 முடியும் வரை இருந்தது. அதன் பிறகு இளம் தலைமுறைக்கு இளம் பயிற்றுவிப்பாளர் வேண்டும் என நிர்வாகம் எண்ணியது. இதில் பிழை காண முடியாது. மூத்த முகாமையாளர் இருக்கும்போதே அடுத்தவரைப் பற்றி யோசிக்காத நிறுவனம்தான் பிறகு தவிக்கும்.

முதலில் அவர்கள் கண் வைத்தது மெல்பர்னின் கிரேக் பெலமி மீது. ஒரு காலத்தில் பெனட்டின் கீழ் இதே பிரிஸ்பேனில் உதவியாளராக இருந்தவர். 2003 முதல் மெல்பர்னை வழிநடத்துபவர். அவர் வரவில்லை; மெல்பர்னுடனேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார். நாம் விரும்பிய ஆள் கிடைக்காதபோது அடுத்து எடுக்கும் தீர்மானத்தில் ஓர் அவசரம் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த அவசரம் வந்தவேளை சிட்னியில் ஒரு கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

சவுத் சிட்னியின் அலுமாரி

அந்தக் கடை சவுத் சிட்னி. 2017-இல் 12ஆம் இடத்தில் இருந்த அணி 2018-இல் மூன்றாம் இடத்துக்கு வந்து, இறுதிப் போட்டிக்கு ஒரேயொரு வெற்றிதான் குறை என்ற நிலைவரை சென்றது. பயிற்றுவிப்பாளர் அந்தனி சீபோல்ட். இந்தப் போட்டியில் தலைமைப் பொறுப்பில் அதுவே அவருக்கு முதல் வருடம். அந்த வருடத்தின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருதும் அவருக்கே கிடைத்தது. படித்தவர், நவீனமானவர், நன்றாக விளக்கிப் பேசுபவர் என்று பெயர்.

புரொங்கோஸ் அவருடன் ஐந்து வருட ஒப்பந்தம் செய்தது. இந்தப் போட்டியில் தலைமைப் பொறுப்பில் ஒரு வருட அனுபவமுள்ளவருக்கு ஐந்து வருடம்.

இங்குதான் சற்று நின்று பார்க்க வேண்டும். சவுத் சிட்னியின் 2018 வெற்றி யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டியது? சீபோல்டுக்கு அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பொறுப்பேற்றபோது அலுமாரியில் இருந்த சாமான்கள் எவை? கிரெக் இங்கிலிஸ், அடம் ரெய்னல்ட்ஸ், ஜோன் சட்டன், பேர்ஜஸ் சகோதரர்கள் மூவர். இவர்கள் எல்லோரும் 2014-இல் அதே கழகத்துக்குச் சம்பியன் பட்டம் வென்று கொடுத்தவர்கள். 43 வருடங்களுக்குப் பின் கிடைத்த பட்டம் அது. அந்த அணியை வார்த்தெடுத்து, 2012 முதல் 2017 வரை பழக்கியவர் மைக்கல் மக்வயர் என்ற வேறொரு பயிற்றுவிப்பாளர். 2017 பருவகாலம் சரியில்லை என்று அவரை அனுப்பிவிட்டுத்தான், அவருக்குக் கீழ் உதவியாளராக இருந்த சீபோல்டை அமர்த்தியிருந்தார்கள்.

அதாவது சரக்கைப் பிடித்து, அடுக்கி, கடையின் பழக்க வழக்கங்களை உருவாக்கியவர் ஒருவர். அவர் போன பின் வந்து, நல்ல யோசனைகளோடு ஒரு வருடம் நன்றாக விற்றுக் காட்டியவர் மற்றொருவர். பிரிஸ்பேன் வாங்கியது அந்த ஒரு வருடத்து விற்பனையை. இதைவிட முக்கியமானது ரெய்னல்ட்ஸ். ஏழாம் இலக்கச் சட்டை அணியும் வீரர்தான் களத்தில் அணியின் மூளை. ஆறு தடவை மட்டுமே பந்தோடு முன்னேற அனுமதிக்கப்படும் இந்த ஆட்டத்தில், ஆறாவதில் பந்தை எங்கே உதைப்பது, எவரை எந்தப் பக்கம் ஓடவிடுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர். பயிற்றுவிப்பாளர் வாரம் முழுவதும் கரும்பலகையில் எழுதியதை ஆட்டத்தின்போது நடத்திக் காட்டுவது அவர் கையில்தான் இருக்கிறது. சவுத் சிட்னியில் சீபோல்டுக்கு ரெய்னல்ட்ஸ் இருந்தார். பிரிஸ்பேனில் அந்த இடம் ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தது. அங்கு ஏழாம் இலக்கத்தில் ஆடிய ஹன்ட் 2017 முடிவில் வேறு கழகத்துக்குப் போயிருந்தார்.

முகாமையாளர் வந்தார், அவருடைய கணக்கப்பிள்ளை வரவில்லை.

சவுத் சிட்னிக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தால் விடயம் முழுமையாகும். சீபோல்ட் போன பின் அந்த அணி 2019, 2020 இரண்டு வருடமும் அதே கட்டத்துக்கு, அதாவது இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டம் வரை வந்தது. 2021-இல் இறுதிப் போட்டிக்கே வந்து 14-12 என இரண்டு புள்ளிகளால் தோற்றது. ஆள் மாறியும் கடை இறங்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் யார் தெரியுமா? பிரிஸ்பேன் அனுப்பிய அதே பெனட்.

அனுப்பிய விதம்

2018 நவம்பரில் ஒரு விசித்திரமான நிலைமை உண்டானது. சீபோல்ட் 2020 முதல் பிரிஸ்பேனுக்கு என்று ஒப்பந்தமானார். பெனட் 2020 முதல் சவுத் சிட்னிக்கு என்று ஒப்பந்தமானார். ஆனால் 2019 முழுவதையும் இருவரும் பழைய கழகத்திலேயே கழிக்க வேண்டும். அடுத்த வருடம் எதிர்க் கடைக்குப் போகப் போகிற முகாமையாளர், இன்று நமது விலைப் பட்டியலையும் கொள்வனவுப் புத்தகத்தையும் கையில் வைத்திருப்பது போன்றது இது. எந்த வியாபாரியும் இரவில் நிம்மதியாகத் தூங்கமாட்டார்.

டிசம்பர் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பெனட்டின் ஒப்பந்தத்தை புரொங்கோஸ் உடனடியாக முடிவுக்குக் கொண்டு வந்தது. அந்தச் செய்தி அவருடைய தொலைபேசியில் குரல் பதிவாக விடப்பட்டது என அப்போது பரவலாக எழுதப்பட்டது. இரண்டு கட்டங்களிலுமாக 25 பருவகாலங்கள் உழைத்து, ஆறு பட்டங்கள் கொண்டு வந்த மனிதர்! தொலைபேசியில் பிடிக்க முடியாமல் போயிருக்கலாம்; நிர்வாகத்துக்கும் நியாயங்கள் இருந்திருக்கும். ஆயினும் இப்படியான செய்தி கடைச் சிப்பந்திகள் எல்லோர் காதிலும் விழும். அவர்கள் புதிய முதலாளித்தனத்தை அளப்பது அந்த ஒரு செய்தியை வைத்துத்தான். புதிதாக வருபவரும் முதல் நாளே கசப்பு நிறைந்த வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதாகிறது.

இரண்டு வருடங்கள்

2019-இல் புரொங்கோஸ் எட்டாம் இடத்தைப் பிடித்து இறுதிச் சுற்றுக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்தது. முதல் ஆட்டத்திலேயே பரமட்டா கழகத்திடம் 58-0. இறுதிச் சுற்றொன்றில் அவ்வளவு பெரிய தோல்வி முன்னர் எவருக்கும் நேர்ந்ததில்லை.

2020-இல் முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றார்கள். பிறகு கொரோனாவினால் போட்டி நிறுத்தப்பட்டது. மே மாத முடிவில் மீண்டும் தொடங்கியதும் 34-6 எனத் தோல்வி. அடுத்த வாரம் சிட்னி ரூஸ்டர்ஸிடம் சொந்த மைதானத்தில் 59-0. கழகத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அது. மொத்தம் 20 ஆட்டங்களில் வென்றது மூன்று. 16 கழகங்களில் 16ஆம் இடம். 1988 முதல் ஒருபோதும் கடைசி இடத்தைக் காணாத கழகம் அன்று கண்டது. ஆகஸ்ட் மாதத்திலேயே சீபோல்ட் விலகிவிட்டார். ஐந்து வருட ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று பருவகாலங்கள் மிஞ்சியிருந்ததால் பேசித் தீர்த்துப் பணம் கொடுத்துத்தான் பிரிய வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. வயதில் மூத்த வீரர்கள் சிலர் ஓய்வு பெற்றும், காயமுற்றும், வேறு கழகம் போயும் விட்டார்கள். எஞ்சியவர்களில் இளைஞர்கள் அதிகம். திறமைசாலிகள்தான்; ஆனால் தோற்கும்போது தோளில் கை போட்டு நிமிர்த்தக்கூடிய மூத்தவர்கள் குறைவு. சின்னப் பையன்களை மட்டும் வைத்துப் பெருநாள் வியாபாரத்தை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த நிலை புரியும். அது முகாமையாளர் வந்து உண்டாக்கிய குறை மட்டுமல்ல. எடுத்தவர்கள் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டிய குறை. தெரிவு செய்யும் நாளில் அவர்கள் சீபோல்டைப் பற்றி நிறையக் கேட்டிருப்பார்கள். தங்கள் சொந்த அலுமாரியைத் திறந்து பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். அதே சீபோல்ட் பிறகு மேன்லி கழகத்தைப் பொறுப்பேற்று 2024-இல் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார். ஆள் மோசமானவர் என்றால் அது நடந்திருக்காது.

போனவரைத் திரும்ப அழைத்தவர்கள்

2018-இல் சிட்னியின் மேற்கிலுள்ள பென்ரித் கழகமும் ஆள் தேடியது. 2012 முதல் 2015 வரை அங்கு பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஐவன் கிளியரி. களைத்துப் போனவர் போலத் தெரிகிறார் என்ற காரணத்தைச் சொல்லி 2015-இல் அவரை அனுப்பியிருந்தார்கள். பிறகு வந்தவரை 2018 ஆகஸ்டில், அணி இறுதிச் சுற்றுக்கான இடத்தில் இருக்கும்போதே நீக்கிவிட்டு, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கழகத்தில் இருந்த கிளியரியை ஒப்பந்தக் காலம் முடியுமுன் திரும்ப எடுத்தார்கள். வெட்கத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு விடயம், அவருடைய மகன் நேதன் கிளியரி ஏற்கெனவே அந்த அணியின் ஏழாம் இலக்க வீரர். தகப்பனையும் மகனையும் ஒரே கடையில் வைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. நம்மவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

திரும்ப வந்த முதல் வருடம் பென்ரித் பத்தாம் இடம். அந்த வருடத்தைப் பார்த்துப் பணிப்பாளர்கள் பதறியிருந்தால் கதை முடிந்திருக்கும். பொறுத்தார்கள். 2020-இல் இறுதிப் போட்டி. 2021, 2022, 2023, 2024 நான்கு வருடமும் சம்பியன். கிளியரிக்குப் பென்ரித்தின் அலுமாரி தெரியும். எந்த இளைஞன் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறான், எவனுக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்பதெல்லாம் முன்பே பழகியவர். பிரிஸ்பேன் வெளியில் தேடிய அதே மாதங்களில் இவர்கள் உள்ளே இருந்ததைத் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

தோற்றவரின் கணக்கை வாசித்தல்

2020 செப்டெம்பரில் பிரிஸ்பேன் மீண்டும் ஆள் தேடியது. கடைசியாக நின்ற இருவரில், பழைய புரொங்கோஸ் வீரரான கெவின் வோல்டர்ஸ் தெரிவானார். 2018-இலும் அவர் பெயர் பேசப்பட்டதுதான். நுட்பத்தில் பெரியவர் என்று எவரும் சொல்லவில்லை. கழகத்தின் மீது உள்ள பற்றே அவருடைய பலம் என்றார்கள். 14ஆம் இடம், ஒன்பதாம் இடம், பிறகு 2023-இல் இரண்டாம் இடம் என ஏறியது அணி. அந்த வருட இறுதிப் போட்டியில் பென்ரித்துக்கு எதிராக 24-8 என முன்னணியில் இருந்து, கடைசி இருபது நிமிடத்தில் நேதன் கிளியரியின் கையால் 26-24 எனத் தோற்றது. 2024-இல் 12ஆம் இடத்துக்கு விழுந்ததும் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வோல்டர்ஸ் அனுப்பப்பட்டார்.

ஆனால் அவர் போகும்போது கடை வெறுமையாக இருக்கவில்லை. 2021-இல் சவுத் சிட்னி, முப்பது வயதான ரெய்னல்ட்ஸுக்கு இன்னும் ஒரு வருடம் மட்டுமே தருவோம் என்றபோது, மூன்று வருடம் தருகிறோம் என்று அவரை பிரிஸ்பேனுக்குக் கொண்டு வந்தார்கள். சீபோல்டுக்குக் கிடைக்காத கணக்கப்பிள்ளை அடுத்தவரின் காலத்தில் வந்து சேர்ந்தார்.

வோல்டர்ஸின் இடத்துக்கு மைக்கல் மக்வயர். ஆம், 2018-இல் பிரிஸ்பேன் ஆசைப்பட்ட அந்த சவுத் சிட்னி அணியைக் கட்டியவரேதான். 2018 நவம்பர் வரை அவர் கையில் எந்தக் கழகமும் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நியூசிலாந்து தேசிய அணியை மட்டும் பார்த்து வந்தார்.

2024-இல் அவரை எடுத்தது எளிதான தீர்மானம் அல்ல. ஏனெனில் இடையில் அவர் ஒரு கழகத்தில் தோற்றிருந்தார். கிளியரி விட்டுச் சென்ற வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கழகத்தை 2019 முதல் நடத்தி, ஒருமுறையேனும் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போகாமல் 2022 ஜூனில் நீக்கப்பட்டவர். விண்ணப்பத்தில் அந்த வரியைக் கண்டதும் கோப்பை மூடிவைப்பவர்கள் பலர் உண்டு.

ஆனால் அதே கணக்கை இன்னொரு முறை வாசித்தால்? அந்தக் கழகம் அவர் வருவதற்கு முன்பும் 2011க்குப் பின் இறுதிச் சுற்றைக் கண்டதில்லை. அவரை நீக்கிய 2022-இல் கடைசி இடம். அவர் போன பின் 2023-இல் வேறொருவரின் கீழும் கடைசி. 2024-இல் மற்றொருவரின் கீழும் கடைசி. சவுத் சிட்னியில் ஆள் மாறியும் கடை ஓடியது போல, இங்கு ஆள் மாறியும் கடை ஓடவில்லை. மறுபக்கத்தில், 2010-இல் இங்கிலாந்தின் விகன் கழகத்துக்கு 12 வருடங்களுக்குப் பின் பட்டம், 2014-இல் சவுத் சிட்னிக்கு 43 வருடங்களுக்குப் பின் பட்டம், 2023-இல் நியூசிலாந்து அணியோடு அவுஸ்திரேலியாவை 30-0 என வென்றது, 2024-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணியோடு பிரிஸ்பேனிலேயே வந்து தொடரை வென்றது. நான்கும் வெவ்வேறு கடைகள். நான்கிலும் பொதுவாக இருந்தது இந்த ஆள் மட்டும்தான்.

ஒப்பந்தம் மூன்று வருடம்; ஐந்து அல்ல.

கடுமையாக வேலை வாங்குபவர் என்ற பெயர் மக்வயருக்கு முன்பே உண்டு. 2025-இன் தொடக்கத்தில் பயிற்சி அளவுக்கு மீறுகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இடையில் தொடர்ந்து தோற்ற காலமும் இருந்தது. நிர்வாகம் அசையவில்லை. நாலாம் இடத்தில் முடித்து, இறுதிச் சுற்றில் கன்பராவை 29-28 என மேலதிக நேரத்திலும், நான்கு வருடச் சம்பியனான பென்ரித்தை 16-14 எனவும் வென்று, அக்டோபர் 5ஆம் திகதி சிட்னியில் மெல்பர்னைச் சந்தித்தார்கள். எதிரணியின் பயிற்றுவிப்பாளர், 2018-இல் அவர்கள் கேட்டும் வராத பெலமி. முடிவு 26-22. 2006க்குப் பின் 19 வருடம் கழித்துப் பட்டம்.

அன்று ஆடியவர்களின் பெயர்களை எடுத்துப் பார்த்தேன். பெய்ன் ஹாஸ் பெனட்டின் கடைசி வருடத்தில் முதல் ஆட்டம் ஆடியவர். பட்ரிக் கரிகன் அந்த மோசமான சீபோல்ட் காலத்தில், 2019-இல் கொண்டு வரப்பட்டவர். ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவான ரீஸ் வோல்ஷ் வோல்டர்ஸின் காலத்தில் திரும்ப அழைத்து வரப்பட்டவர். தலைவர் அடம் ரெய்னல்ட்ஸ், 2014-இல் மக்வயரோடு கிண்ணம் தூக்கியவர். அப்போது 35 வயது. 2015-இல் பந்தைக் கைநழுவ விட்ட பென் ஹன்டும் அந்த அணியில் இருந்தார். அந்த வருடம்தான் பழைய கழகத்துக்குத் திரும்பி வந்திருந்தார்.